"எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை": தலசீமியாவும் சொல்லப்படாத குடும்பக் கதைகளும்

கலியாணப் பேச்சு தொடங்கி, சாதகம் பொருந்தி, சீதனமும் ஓரளவு பேசி முடிந்த பிறகு யாராவது ஒரு பெரியவர் கேட்பார்: "வீட்டில ஆருக்கும் பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?" பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான். "சீ, எங்கட பக்கம் அப்பிடி ஒண்டும் இல்லை." கேட்டவரும் அதற்கு மேல் தோண்டுவதில்லை. தேத்தண்ணி வந்துவிடும்.

தலசீமியாவைப் பொறுத்தவரை அந்தப் பதிலைச் சொல்பவர் பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அவர் முழு நம்பிக்கையோடு சொல்லலாம். இருந்தும் அது பிழையாக இருக்கலாம். ஏனென்றால் இந்தப் பரம்பரையலகைச் சுமப்பவர்களுக்கு வருத்தம் எதுவும் தெரிவதில்லை. அவர்கள் தோட்டம் செய்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள், வெளிநாட்டில் இரவு வேலை பார்க்கிறார்கள், எண்பது வயது வரை வாழ்கிறார்கள். இப்படியான இருவர் கலியாணம் செய்து, அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை ஒரு வயதுக்குள் வெளிறத் தொடங்கும்போதுதான் குடும்பத்துக்குள் இப்படி ஒன்று இருந்தது தெரியவருகிறது.

அதன் பிறகு அந்தக் குடும்பம் தன் கதையை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்ற கேள்வியோடு வாழத் தொடங்குகிறது.

உடலுக்குள் நடப்பது

எங்கள் குருதியின் செங்கலங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருள் ஹீமோகுளோபின். அதை உருவாக்கும் புரதச் சங்கிலிகளில் ஒன்றைச் செய்வதற்கான கட்டளை தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக எங்களுக்கு வருகிறது. இரண்டில் ஒன்று பழுதென்றால் மற்றையது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படியானவரைக் 'காவி' என்கிறார்கள். இரண்டும் பழுதென்றால் அது பீற்றா தலசீமியா. இருவரும் காவிகளான தம்பதியருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோயுள்ள பிள்ளைக்கு, நான்கில் இரண்டு தங்களைப் போன்ற காவிக்கு, நான்கில் ஒன்று எதுவும் இல்லாத பிள்ளைக்கு. இங்கே "ஒவ்வொரு கர்ப்பத்திலும்" என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று கணக்குப் போட்டு ஏமாந்த குடும்பங்கள் உலகெங்கும் உண்டு.

1925இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் தோமஸ் கூலி என்ற குழந்தை வைத்தியர் இதைத் தனி நோயாக முதலில் விவரித்தார். அவர் பார்த்த பிள்ளைகள் இத்தாலி போன்ற மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அதனால்தான் பெயரிலேயே கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் சொல் இருக்கிறது. ஆனால் இது மத்தியதரைக் கடலுக்கு மட்டும் சொந்தமான நோயல்ல. மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை, தாய்லாந்து என்று மலேரியா நெடுங்காலம் ஆட்சி செய்த நிலப்பகுதி முழுவதும் பரந்திருக்கிறது. காவிகளை மலேரியா கொல்வது குறைவு என்பதால் அந்தப் பரம்பரையலகு தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தது என்ற கருத்தை ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் முன்வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன.

இலங்கையில் இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். குருநாகல், கேகாலைப் பக்கங்கள் மோசமாக அடிபட்டன. இன்று நாட்டின் தேசிய தலசீமியா நிலையம் குருநாகல் வைத்தியசாலையில் இருக்கிறது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போய்விட்டது. அதிலிருந்து மூதாதையரைக் காத்த பரம்பரையலகு எங்களோடு தங்கிவிட்டது. "பாவம் செய்த குடும்பம்", "சாபம்" என்று பேசுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய விசயம் இது. காவிகள் ஒரு கொடிய காலத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் வாரிசுகள்.

2000ஆம் ஆண்டில் லான்செற் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் நூற்றுக்கு இருவருக்குச் சற்று அதிகமானோர் பீற்றா தலசீமியாக் காவிகள் என்றும், எந்தக் காலத்திலும் ஏறத்தாழ 2,000 பேர் சிகிச்சை தேவைப்படுபவர்களாக இருப்பார்கள் என்றும் கணித்தது. பிரித்தானிய வைத்தியர் டேவிட் வெதரால் இலங்கை வைத்தியர்களோடு சேர்ந்து செய்த வேலை அது. நோயாளர்களில் கணிசமானோருக்கு இருப்பது சற்று வேறான வகை: ஒரு பக்கத்திலிருந்து பீற்றா தலசீமியா, மறுபக்கத்திலிருந்து 'ஹீமோகுளோபின் இ' என்ற இன்னொரு மாற்றம். இந்த வகையில் ஒருவர் கைக்குழந்தையிலிருந்தே இரத்தம் ஏற்றிக்கொண்டிருப்பார். இன்னொருவர் அதே நோய்ப் பெயரோடு, இரத்தம் ஏற்றாமலே நடுவயதை அடைவார். இதைப் பிறகு திரும்பப் பார்ப்போம். கதை சொல்வதில் இது முக்கியமான விசயம்.

கிளினிக் கொப்பி சொல்லும் கதை

கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரண்டு தொடக்கம் ஐந்து கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுவதும். ஏற்றாவிட்டால் மண்ணீரல் வீங்கும், முகத்து எலும்புகள் புடைக்கும், வளர்ச்சி நிற்கும், இதயம் களைத்துவிடும்.

ஏற்றினால் வேறொரு சிக்கல். ஒவ்வொரு பைந்த் இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. எங்கள் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம்தான். சாதாரணமான ஒருவரின் உடம்பில் மொத்தமாக உள்ள இரும்பே மூன்று, நான்கு கிராம். ஆண்டுக்கு இருபது பைந்த் ஏற்றுகிற ஒருவருக்கு அந்த ஓராண்டிலேயே அதைவிட அதிகம் சேர்ந்துவிடும். அது போய்க் குந்துவது இதயத்திலும் ஈரலிலும் ஓமோன் சுரப்பிகளிலும். பருவமடைதல் தள்ளிப்போவதும், இளவயதில் நீரிழிவு வருவதும், உயரம் குறைவதும் இரும்பால் வரும் வினைகள்தான். தலசீமியாக்காரரைக் கொன்றதில் முதலிடம் இரும்பேறிய இதயத்துக்கு.

அதை வெளியேற்றும் மருந்துகள் உண்டு. நெடுங்காலமாக இருந்தது டெஸ்பெரியொக்சமின். தோலுக்குக் கீழே ஊசி குத்தி, சிறிய பம்ப் ஒன்றின் மூலம் எட்டிலிருந்து பன்னிரண்டு மணிநேரம் மெதுவாகச் செலுத்த வேண்டும். கிழமைக்கு ஐந்து இரவுகளாவது. வயிற்றிலும் தொடையிலும் தழும்பும் வீக்கமுமாக வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. பிறகு விழுங்கும் மருந்துகளான டெஃபெரிப்ரோனும் டெஃபெரசிரொக்சும் வந்தன. ஒழுங்காக இரத்தமும் மருந்தும் கிடைப்பவர்கள் இன்று படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், கலியாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். பொருத்தமான எலும்பு மச்சை கிடைத்துச் சிறுவயதிலேயே மாற்றினால் நோயைக் குணமாக்கவும் முடியும். 2023 நவம்பரில் பிரித்தானியா பரம்பரையலகையே திருத்தும் சிகிச்சை ஒன்றுக்கு அனுமதி வழங்கியது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு இருபது இலட்சம் டொலருக்கு மேல். எங்கள் வாழ்க்கைக்கு அது இன்னும் செய்தி மட்டும்தான்.

இவ்வளவும் மருத்துவம். நோயோடு வாழ்கிறவர்கள் பேசத் தொடங்கினால் இவை பெரும்பாலும் பின்னுக்குப் போய்விடும். முன்னுக்கு வருவன வேறு. மாதத்தில் எத்தனை பள்ளிக்கூட நாள் தவறுகிறது. இரத்தம் ஏற்றுவதற்கு முந்தின நாட்களில் படியேற முடியாமல் மூச்சு வாங்குவதை "சோம்பல்" என்று வகுப்பில் சொல்வது. முகத்தின் அமைப்பைப் பார்த்து வைக்கப்படும் பட்டப்பெயர். இருபத்தைந்து வயதிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் போல நடத்தப்படுவது. பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவர், வயது வந்ததும் யாரையும் தெரியாத பெரியவர்கள் விடுதிக்கு மாற்றப்படுவது. கூடவே ஒரே நாளில் இரத்தம் ஏற்ற வந்து நண்பரானவரின் கட்டில் ஒரு மாதம் வெறுமையாக இருப்பதும்.

தூரம் இன்னொன்று. பெரிய சிகிச்சை நிலையங்கள் குருநாகல், ராகம போன்ற இடங்களில் வளர்ந்தன. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது, மாதம் தவறாமல் எங்காவது போய் வரவேண்டிய வருத்தம் உள்ள எவருக்கும் அது என்ன அர்த்தம் என்பதை வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் விடுபட்ட பொருட்களில் கிளினிக் கொப்பிகளும் இருந்தன. தலசீமியாக்காரருக்கு அந்தக் கொப்பி அடையாள அட்டையைவிட முக்கியம். எந்த இரத்தம் ஒத்துக்கொள்ளும், எதற்கு உடம்பு எதிர்ப்புக் காட்டியது, மண்ணீரல் அகற்றப்பட்டதா, கடைசியாக இரும்பு எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

சொன்னால் யாருக்கு நட்டம்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். அக்காவுக்கும் தங்கைக்கும் பத்து வயது இடைவெளி. அக்காவின் ஒன்பது மாதப் பிள்ளைக்குத் தலசீமியா என்று உறுதியாகிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள்.

அக்கா காவி என்பது இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே தாய் தகப்பனில் ஒருவராவது காவி. தங்கையும் காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அவள் காவியாகவே இருந்தாலும் அந்நியத்தில் செய்யும் மாப்பிள்ளையும் காவியாக இருக்கும் வாய்ப்பு, மேலே சொன்ன கணக்குப்படி, நாற்பத்தைந்தில் ஒன்று அளவில்தான். மாப்பிள்ளை அம்மாவின் தமையன் மகன் என்றால், அந்தப் பரம்பரையலகும் அம்மா பக்கத்திலிருந்து வந்ததென்றால், அது பல மடங்கு கூடிவிடும். சொந்தம் விடக்கூடாது என்று மச்சானுக்கும் மச்சாளுக்கும் கட்டிவைக்கும் வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. போருக்குப் பிறகு, தெரியாத இடத்தில் கொடுப்பதற்குப் பயந்து சொந்தத்துக்குள் முடித்த வீடுகளும் உண்டு.

இந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு சின்னக் குருதிப் பரிசோதனை போதும். ஆனால் அக்காவின் வீட்டில் நடப்பது பெரும்பாலும் வேறு. பிள்ளைக்கு "இரத்தக் குறைவு" என்று அயலுக்குச் சொல்வார்கள். குருநாகலுக்குப் போவது "ஒரு அலுவல்" ஆகிவிடும். தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயத்தில், சில வேளை தங்கைக்கே முழுவதும் சொல்லமாட்டார்கள். அவளைக் காப்பாற்றுவதற்காக அவளிடமே மறைக்கிறார்கள்.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அது கண்ணால் கண்ட பயம். வருத்தம் உள்ள வீடு என்று பெயர் விழுந்தால், அந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளைக்கும் வரன் வராது. தகப்பன் இல்லாத வீடு, தமையன் காணாமல் ஆக்கப்பட்ட வீடு, ஏற்கெனவே சீதனத்துக்கு வழியில்லாத வீடு என்றால் இன்னொரு பாரத்தை யார் தாங்குவது? புகுந்த வீட்டில் பழி முழுவதும் தாயின் தலையில்தான் விழும், "உன்ர பக்கத்து இரத்தம்" என்று. தலசீமியா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் ஒழியப் பிள்ளைக்கு வராது என்பதை அந்த மாமியாருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவேண்டிய தகப்பனும் பேசாமல் இருந்துவிடுவார்.

மறைப்பதன் விலை இலங்கையில் இன்னும் கூடியது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி இங்கே தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைக்க முடியாது. கர்ப்பத்தில் சோதித்துப் பார்த்து முடிவெடுப்பது பல நாடுகளில் உள்ள வழி. இங்கே சட்டம் அதை அடைத்து வைத்திருக்கிறது. அந்த வழி சரியா பிழையா என்பது வேறு விவாதம். அது இல்லாதபோது எஞ்சுவது, கலியாணத்துக்கு முன்போ பிள்ளை பெறும் முன்போ இருவரும் தெரிந்துகொள்வதுதான். தெரிந்த பிறகு கலியாணத்தை விடலாம், பிள்ளை இல்லாமல் வாழலாம், பிள்ளையைத் தத்தெடுக்கலாம், வசதி இருப்பவர்கள் வெளிநாட்டில் கருவைச் சோதித்துத் தெரிந்து கருத்தரிக்கலாம், நான்கில் ஒன்றை ஏற்று முன்னேற்பாட்டோடு பெறவும் செய்யலாம். அந்த முடிவு அவர்களுடையது. தெரியாமல் நடப்பதை முடிவு என்று சொல்ல முடியாது.

இரண்டு வெளியூர்க் கதைகள்

மறைப்பு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஹன்டிங்டன் நோய் என்ற இன்னொரு பரம்பரை வருத்தம் இருக்கிறது. நடுவயதில் தொடங்கி உடலையும் மனத்தையும் சிதைக்கும் நோய் அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. அமெரிக்காவில் நான்சி வெக்ஸ்லர் என்ற உளவியலாளரின் தாய்க்கு 1968இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. தாயின் தகப்பனும் சகோதரர்களும் அதே நோய்க்கு ஆளானவர்கள். ஆனால் அது ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அந்தத் தாய் நம்பியிருந்தார். பிழையான குடும்பக் கதை ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது போதும். மகள் நான்சி 1979 முதல் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஆண்டுதோறும் போய், அந்த நோய் நிறைந்த குடும்பங்களின் வம்சாவளிகளையும் இரத்த மாதிரிகளையும் சேகரித்தார். அதன் பலனாக 1983இல் பரம்பரையலகு இருக்கும் இடமும், 1993இல் பரம்பரையலகே கண்டுபிடிக்கப்பட்டன. தனக்கு அந்த நோய் இருக்கிறதா என்பதை மட்டும் அவர் பல்லாண்டுகள் பொதுவில் சொல்லவில்லை. 2020இல்தான் சொன்னார். ஆயிரக்கணக்கானோரின் கதைகளைக் கேட்டவர், தன் கதைக்கு உரிய நேரத்தைத் தானே தீர்மானித்தார். அதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மற்றையது சைப்ரஸ். 1974 போரில் இரண்டாகப் பிளந்த தீவு அது. இன்றும் நடுவே வேலி நிற்கிறது. வேலிக்கு இரு பக்கமும் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் தலசீமியாக் காவி. கிரேக்கத் தரப்பில் தேவாலயமே, மணமக்கள் பரிசோதனை செய்துகொண்டதற்கான அத்தாட்சியைக் கேட்கத் தொடங்கியது. முடிவு என்ன என்று அது கேட்பதில்லை. பரிசோதித்து ஆலோசனை பெற்றார்கள் என்பது மட்டும் போதும். துருக்கித் தரப்பிலும் கலியாணத்துக்கு முன் பரிசோதனை கட்டாயமானது. புதிதாகத் தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகை அங்கே ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. அதற்குக் கர்ப்பகாலச் சோதனையும் பெரிய காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்களுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரு சிறிய தீவில், வெட்கமும் மதமும் பகையும் இருந்த இடத்தில், இதைப் பேசலாம் என்று ஆனது எப்படி? பெற்றோர் வாய் திறந்ததுதான் பெரிய தொடக்கம். 1986இல் சர்வதேச தலசீமியா கூட்டமைப்பைத் தொடங்கியவர்கள் சைப்ரஸ், கிரேக்கம், இத்தாலி போன்ற நாடுகளின் பெற்றோரும் நோயாளரும் வைத்தியர்களும். மே 8 உலக தலசீமியா நாளானதும் சைப்ரஸைச் சேர்ந்த பனோஸ் எங்லெஸோஸ் என்ற தகப்பன், இறந்த தன் மகனின் நினைவாக 1994இல் தொடங்கியதால்தான்.

எங்கள் ஊடகங்கள் கேட்கும் கதை

தமிழ் இணையத்தளங்களில் பரம்பரை வருத்தம் பற்றிய கதை பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது. பிள்ளையின் முழுமுகப் படம், அழும் தாய், வங்கிக் கணக்கு இலக்கம். பணம் தேவைப்படும் வீட்டுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வடிவம் வாசகருக்குக் கற்றுக்கொடுப்பது இரண்டு விசயங்கள்: இரக்கம், பயம். அந்த வீட்டில் சம்பந்தம் செய்யக் கூடாது என்ற பயம். வாசகர் தானும் காவியாக இருக்கலாம் என்ற எண்ணம் அந்தச் செய்தியிலிருந்து வராது. பிள்ளையின் படமும் போகாது. ஆறு வயதில் போட்ட படம், அவள் இருபத்தாறு வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தேடினால் வரும்.

பெயரை மாற்றினால் போதும் என்பதும் எங்கள் ஊர்களில் எடுபடாது. கிராமத்தின் பெயர், தகப்பனின் தொழில், எத்தனையாம் வகுப்பு, எந்த முகாமில் இருந்தார்கள் என்பதைப் போட்டுவிட்டால் கூலித் தொழிலாளி முதல் கோயில் ஐயர் வரை ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கதை சொல்பவர் ஒருவர். அம்பலமாவது அவருடைய சகோதரர்களும், பெரியம்மா சித்தி பிள்ளைகளும். ஆகவே சொல்பவரின் சம்மதம் மட்டும் போதாது, வீட்டில் வேறு யாரைப் பாதிக்கும் என்று அவரோடு இருந்து யோசிப்பதும் நேர்காணலின் பகுதி.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மக்கள் கதை சொல்லிக் களைத்தவர்கள். 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016இல் கலந்தாலோசனைச் செயலணி, பிறகு காணாமற்போனோர் அலுவலகம் என்று ஒரே கதையை ஒவ்வொரு மேசையிலும் சொன்னவர்கள். இடையில் பத்திரிகையாளர்கள், ஆய்வாளர்கள், தொண்டு நிறுவனங்கள். திரும்பி வந்தது என்ன? அப்படியானவர்களிடம் போய் "உங்கள் வருத்தத்தின் கதையைப் பகிருங்கள், விழிப்புணர்வு வரும்" என்று சொல்லும்போது அவர்கள் சிரிக்காமல் இருப்பதே பெருந்தன்மை. கேட்பவர் கையில் எதையாவது கொண்டுபோக வேண்டும். எங்கே பரிசோதிக்கலாம், யாரிடம் பேசலாம் என்ற சரியான தகவலாவது.

எனக்கு வாசிக்கக் கிடைக்காத கதை காவியின் கதை. முப்பது வயது, சுகதேகி, தற்செயலாகச் செய்த குருதிப் பரிசோதனையில் செங்கலங்கள் சிறிதாக இருப்பதாக வந்து, இரும்புக் குளிசை கொடுத்தும் மாறாமல், கடைசியில் காவி என்று தெரியவந்தவர். அவர் தன் வருங்காலத் துணையிடம் எப்படிச் சொன்னார்? மற்றவர் பரிசோதித்து இல்லை என்று வந்தபோது இருவரும் என்ன செய்தார்கள்? இந்தக் கதைகளில் கண்ணீர் குறைவு. ஒருவேளை அதனால்தான் யாரும் கேட்பதில்லை. பத்துப் பேர் இப்படிச் சாதாரணமாகச் சொன்னால், நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கு ஒரு முகமாகத் தெரியத் தொடங்கும்.

நோயோடு வாழ்பவர்கள் பேசும்போதும் ஒரு கவனம் தேவை. முன்னர் சொன்ன ஹீமோகுளோபின் இ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் ஏற்றாமலே வாழ்ந்தவர் தன் கதையைச் சொல்ல, அதைக் கேட்ட தாய் தன் பிள்ளைக்கும் இரத்தம் வேண்டாம் என்று நிறுத்தினால் அது உயிராபத்து. பப்பாசி இலைச் சாறு குடித்துச் சுகமானதாகச் சொல்லும் கதைகளும் அப்படித்தான் பரவுகின்றன. ஒருவரின் அனுபவம் இன்னொருவரின் மருந்துச் சீட்டு அல்ல. அதேபோல எல்லாப் பரம்பரைக் கதைகளையும் ஒன்றாகக் கலக்கவும் கூடாது. இரத்தம் உறையாத ஹீமோபீலியா பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. டவுன் நிலைமை பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதே அல்ல.

வீட்டுக்குள் சொல்ல வேண்டியவை

பொதுவெளியில் பேசுவது விருப்பம். வீட்டுக்குள் பேசுவதை நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்கு உறுதியானால், இரு பக்கத்துச் சகோதரர்களுக்கும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது தெரிய வேண்டும். பிள்ளையின் படமோ பெயரோ வைத்தியக் குறிப்போ அவர்களுக்குத் தேவையில்லை. "எங்கட குடும்பத்தில தலசீமியாக் காவி இருக்கு, நீங்களும் ஒருக்கா இரத்தம் சோதியுங்கோ" என்ற ஒரு வசனம் போதும்.

போருக்குப் பிறகு அந்த ஒரு வசனத்தை அனுப்புவதே சிக்கல். வைத்தியர் குடும்ப மரத்தை வரையக் கேட்கும்போது எங்கள் மரங்களில் ஓட்டைகள் நிறைய. சித்தப்பா என்ன வருத்தத்தில் இறந்தார்? ஷெல் விழுந்து. மாமா? காணாமல் ஆக்கப்பட்டவர். சின்ன வயதில் வெளிறி இறந்த அத்தையின் பிள்ளைக்கு என்ன என்று கேட்க அத்தை இல்லை. மிச்சமுள்ளவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும்.

ஆனால் அந்தச் சிதறலுக்குள் ஒரு வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்குத் தலசீமியாப் பரிசோதனை வழமையாக வழங்கப்படுகிறது. லண்டனில் பிள்ளை பெற்ற சித்திக்குத் தான் காவியா இல்லையா என்பது எழுத்தில் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். காவி என்று வந்து, கணவருக்கு இல்லை என்றதும் அந்தக் கடிதம் லாச்சிக்குள் போயிருக்கும். முல்லைத்தீவில் கலியாணம் பேசும் அவருடைய அக்கா மகளுக்கு அந்தக் கடிதம்தான் தேவை. கிழமைக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் கதைக்கிறோம், சாப்பாட்டிலிருந்து சாமத்தியச் சடங்கு வரை. இதையும் ஒருமுறை கேட்கலாம்.

இங்கே இருப்பவர்களுக்கு முதற்படி சாதாரண முழுக் குருதி எண்ணிக்கைப் பரிசோதனை, எஃப்.பி.சி. அரசாங்க வைத்தியசாலைகளில் செய்யலாம். அதில் எம்.சி.வி. 80க்குக் கீழும் எம்.சி.எச். 27க்குக் கீழும் இருந்தால், இரும்புக் குறைபாடா தலசீமியாவா என்று பிரித்தறிய எச்.பி.எல்.சி. என்ற அடுத்த பரிசோதனை தேவை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 நூற்றுக்கு 3.5க்கு மேல் வருவது பீற்றா தலசீமியாக் காவியின் அடையாளம். ஹீமோகுளோபின் இ காவிகளில் முதற் பரிசோதனை கிட்டத்தட்டச் சாதாரணமாகவே வரலாம். ஆகவே குடும்பத்தில் நோயாளர் இருந்தால் அதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லி, அடுத்ததையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்கலாம். காவி என்று வந்தவர் அதற்காக எந்த மருந்தும் எடுக்கத் தேவையில்லை. இரும்புக் குறைபாடு உறுதியாகாமல் இரும்புக் குளிசை போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

கடைசியாக, நோயுள்ள பிள்ளைக்கே சொல்வது. பல வீடுகளில் அயலவருக்குத் தெரிந்த பிறகும் பிள்ளைக்குத் தெரியாது. ஏன் மாதாமாதம் ஊசி என்று நாலு வயதில் கேட்கும் பிள்ளைக்கு "உன்ர உடம்புக்கு இரத்தம் காணாது, அதுதான் மற்றாக்கள் தாறாங்கள்" என்பது விளங்கும். பத்து வயதில் இரும்பின் கதை விளங்கும். மருந்தை ஏன் விடக்கூடாது என்பது பதினைந்து வயதுக்கு முன் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வயதில்தான் பலர் மருந்தை ஒளித்துவைத்து விடத் தொடங்குகிறார்கள். பரம்பரைக் கணக்கையும், தனக்குக் கலியாணம், பிள்ளை எல்லாம் சாத்தியமா என்பதையும் அவள் வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமிருந்து அரைகுறையாகக் கேட்பதைவிட, அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க வைத்தியரிடம் கேட்பது நல்லது. அப்பாவும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிளினிக் வாங்குகளில் காத்திருப்பது பெரும்பாலும் அம்மாக்கள் மட்டும்தான்.